தங்கத்தின் மேல் சிலுவர்

மலாக்காவின் நிறம் என்னவென்று கேட்டால் யாரும் யோசிக்காமல் சிவப்பு என்றுதான் சொல்வார்கள். ஸ்டாட்ஹைஸ் கட்டடமும் பக்கத்திலிருக்கும் கிறிஸ்து தேவாலயமும் நிற்கும் அந்தச் சதுக்கம்தான் எல்லா அஞ்சலட்டையிலும் இருக்கிறது. முதலாவது பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கட்டியது, இரண்டாவது 1753இல் கட்டி முடித்தது. ஆகவே அதை டச்சுச் சிவப்பு என்கிறார்கள். ஆனால் டச்சுக்காரர்கள் விட்டுப்போனபோது அவை வெள்ளை. 1824 உடன்படிக்கைப்படி அவர்கள் மலாக்காவை ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டுப் போய் எண்பது வருடங்களுக்கும் மேலான பிறகு, 1911இல்தான் ஆங்கிலேயர் அவற்றுக்குச் சிவப்புச் சாயம் அடித்தார்கள். 2008இல் யுனெஸ்கோ மலாக்காவை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது அந்தச் சிவப்பும் சேர்ந்தே போனது. இன்றைக்கு யாராவது வந்து, "அசல் நிறத்துக்கே கொண்டுபோகிறேன்" என்று சதுக்கத்தை வெள்ளையடித்தால் மலாக்காக்காரன் ஒருத்தனும் ஒத்துக்கொள்ள மாட்டான்.

அசல் என்றால் எந்த வருடத்து அசல்? இந்தக் கேள்வி எனக்கு வந்தது சதுக்கத்தில் இல்லை. அலோர் காஜா பக்கம் ஒரு பட்டறையில், பிரித்துப்போட்ட ஒரு காடியின் எஞ்சினுக்கு முன்னால்.

என் மாமா ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். தாத்தா ஓட்டிய மோரிஸ் மைனர் முப்பது வருடமாக வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் கிடந்தது. அதைத் திரும்ப ஓடவைக்க வேண்டும், அதுவும் தொழிற்சாலையிலிருந்து வந்தது எப்படியோ அப்படியே வரவேண்டும் என்பது அவருக்கு ஆசை. உடற்பகுதியும் இருக்கைகளும் சிரமமில்லாமல் முடிந்தன. வேலை எஞ்சின் நிறத்தில் வந்து நின்றது.

இந்தக் காடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மோரிஸ் மைனர் 1948இல் லண்டன் காடிக் கண்காட்சியில் வெளிவந்தது. 1971 வரை பதினாறு லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். பத்து லட்சம் தொட்ட முதல் பிரிட்டிஷ் காடி இதுதான். 1960 டிசம்பரில் அந்த எண்ணிக்கையைத் தொட்டதற்காக 350 காடிகளை மட்டும் வெளிர் ஊதா நிறத்தில் செய்தார்கள். 1952இல் மோரிஸும் ஆஸ்டினும் ஒன்றாகி பி.எம்.சி. ஆனபின், மைனருக்கு ஆஸ்டினின் ஏ-சீரிஸ் எஞ்சின் வந்தது. முதலில் 803 சி.சி., 1956இல் 948, 1962இல் 1098. எங்கள் காடி 1959ஐச் சேர்ந்தது, 948. எம் எழுத்தில் தொடங்கும் மலாக்கா பதிவெண்.

முதலில் அதை வாங்கியவர் ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் சின்ன துரை. அறுபதுகளின் நடுவில் அவர் நாட்டுக்குத் திரும்பிப் போகும்போது தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்த என் தாத்தாவுக்கு விற்றார். அது தோட்டங்கள் கைமாறிய காலம். வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக வெட்டப்பட்டன. துண்டு வாங்கியவர் பழைய ஆட்களை வைத்துக்கொள்ள வேண்டுமென்று கட்டாயமில்லை. தொழிலாளிகளே சேர்ந்து தோட்டம் வாங்கலாம் என்று துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டி நூறு வெள்ளிப் பங்கு சேர்த்தவர்கள் பால்வெட்டு ஜனங்கள். 1967இல் இதே ஜாசின் வட்டாரத்தின் புக்கிட் அசகான் தோட்டத்து ஆட்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூருக்கு நடந்தார்கள். துரை காடி டிரஸ்ஸர் வீட்டுக்கு வந்தது அந்த வருடங்களில்தான்.

இனி சாயத்துக்கு வருவோம். காடியின் வெளிநிறத்தைக் கண்டுபிடிப்பது பெரிய கஷ்டமில்லை. ஐம்பதுகளின் தொடக்கத்து மோரிஸ் காடிகளில் சேசிஸ் எண்ணிலேயே உடலின் நிறத்துக்கு ஓர் எழுத்து, எந்தச் சந்தைக்குப் போகிறது என்பதற்கு ஓர் இலக்கம், எந்த வகைச் சாயம் என்பதற்கு இன்னொன்று என்று வைத்திருந்தார்கள். பிந்திய காடிகளுக்கு இங்கிலாந்தின் கெய்டனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் கட்டி எழுதினால் போதும். பழைய உற்பத்திப் பேரேடுகளைப் பார்த்து என்றைக்குச் செய்தது, என்ன நிறம், எந்த எஞ்சின் எண், எங்கே அனுப்பியது என்று சான்றிதழ் தருவார்கள். மாமா அதை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டியும் வைத்துவிட்டார்.

எஞ்சினின் நிறம் அந்தச் சான்றிதழில் இல்லை. எண்ணிலும் இல்லை. 9எம்-யூ-எல் என்று தொடங்கினால் 9 என்பது 948 சி.சி., எம் என்பது மோரிஸ், யூ என்பது நடுவில் இருக்கும் கியர், எல் என்பது குறைந்த அழுத்தம். தரம் குறைந்த பெட்ரோல் கிடைக்கும் நாடுகளுக்கு அந்த எல் எஞ்சினை அனுப்புவார்கள். இத்தனை சொல்லும் தகடு நிறத்தைச் சொல்லாது. எஞ்சினுக்கு அடிப்பது துருப்பிடிக்காமல் இருக்கவும் எண்ணெய்க் கசிவு தெரியவும்தான். அதை யாரும் அலங்காரமாக நினைக்கவில்லை, அதனால் எழுதியும் வைக்கவில்லை.

"எல்லா மைனருக்கும் பச்சைதான் சார். பச்சை அடிச்சா முடிஞ்சது" என்றார் போமென் அண்ணன். ஆங்கிலத்து ஃபோர்மேன் மலாயில் போமென் ஆகி, மெக்கானிக் என்ற பொருளில் நம் பேச்சுக்கும் வந்துவிட்டது.

"எந்தப் பச்சை?" என்றார் மாமா.

அது சரியான கேள்வி. பி.எம்.சி. பச்சை என்ற பெயரில் இன்றைக்கு விற்கும் டப்பாக்களில் மூன்றை வாங்கித் தகரத்தில் அடித்துப் பார்த்தோம். ஒன்று மாவிலைத் தளிர், ஒன்று பாசி, ஒன்று கிட்டத்தட்ட நீலம். பட்டறையின் குழல்விளக்கில் ஒரே மாதிரி தெரிந்த இரண்டு, வாசல் வெயிலில் வைத்ததும் வேறு வேறாகிவிட்டன. வெவ்வேறு நிறமிகளால் செய்த இரண்டு சாயங்கள் ஒரு வெளிச்சத்தில் பொருந்தி இன்னொரு வெளிச்சத்தில் பொருந்தாமல் போவது சாயக்காரர்களுக்குப் பழக்கமான தொல்லை. எந்த விளக்கில் ஒப்பிட்டோம் என்று சொல்லாமல் நிறம் பொருந்தியது என்று சொல்வதில் அர்த்தமில்லை. அதோடு, எஞ்சின் பச்சை எல்லா வருடமும் ஒரே பச்சையும் அல்ல.

அப்படியானால் எஞ்சினையே கேட்க வேண்டும். வெளியே தெரியும் சாயத்தை நம்பக் கூடாது. அறுபது வருடத்துச் சூடும் எண்ணெயும் அதை மஞ்சளாக்கியோ கறுக்கவைத்தோ இருக்கும். எக்ஸாஸ்ட் பக்கம் எப்போதோ தீய்ந்திருக்கும். வெளிச்சமும் கையும் படாத இடங்களைத் தேட வேண்டும். எஞ்சினைத் தாங்கும் பிராக்கெட்டுக்கு அடியில், டைனமோ உட்காரும் இடத்துக்குப் பின்னால், ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றினால் தெரியும் பகுதியில், எண் தகட்டுக்குக் கீழே. அங்கே மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடைத்து, பிறகு ஆக நைசான சேண்ட்பேப்பரைத் தண்ணீரில் நனைத்து ஒரு காசு அகலத்துக்கு வட்டமாகத் தேய்க்க வேண்டும். நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலோட்டமாகவும் தேய்த்தால் சாய அடுக்குகள் மரத்தின் வருட வளையம்போல ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். பழைய கட்டடச் சுவர்களில் நிறம் தேடுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள்.

எங்கள் எஞ்சினின் மேல் அடுக்கு சிலுவர். அது முன்பே தெரிந்ததுதான். அதற்குக் கீழே பச்சை வரும் என்று காத்திருந்தோம். வந்தது தங்கம். தங்கத்துக்குக் கீழே வெறும் வார்ப்பிரும்பு.

இன்னும் இரண்டு இடத்தில் தேய்த்தோம். அங்கேயும் சிலுவர், தங்கம், இரும்பு. மோரிஸ், வோல்ஸ்லி, எம்.ஜி. மூன்றையும் சேர்த்து பிளாக்கில் புடைப்பாக வார்த்திருக்கும் 'மோவாக்' என்ற எழுத்துகளின் இடுக்கிலும் அதே தங்கம். பச்சை கிடைத்தது ஒரே ஓர் இடத்தில். டைனமோவைப் பிடிக்கும் இரும்புப் பட்டையின் உட்புறத்தில், நகக்கண் அளவுக்கு.

விடை தெரிந்தவர்களுக்கு இது புதிரில்லை. பி.எம்.சி. கம்பெனி பழைய எஞ்சின்களைத் திரும்ப வாங்கி, பிரித்து, தேய்ந்ததை மாற்றி, புதிதுபோலாக்கி விற்றது. முழுதாகப் புதுப்பித்தவற்றுக்குப் பெயர் கோல்ட் சீல், அவற்றுக்குத் தங்கச் சாயம். விலை குறைந்த இன்னொரு வகைக்கு சில்வர் சீல், அதற்கு வெள்ளி. தாத்தாவின் பழைய பதிவுப் புத்தகத்தை, நாம் கெரான் என்பதை, எடுத்துப் பார்த்தோம். 1966இல் எஞ்சின் எண் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு வேறொரு எண் எழுதப்பட்டிருந்தது. துரை ஓட்டிய எஞ்சின் போய்விட்டது. தாத்தா காலத்தில் வந்த இரண்டாவது எஞ்சின் இது. பழையதிலிருந்து கழற்றிப் பூட்டிய அந்தப் பட்டை மட்டும் பச்சையோடு வந்திருக்கிறது.

அப்படியானால் மேலே இருக்கும் சிலுவர்? சில்வர் சீலாக இருக்குமோ என்று போமென் அண்ணன்தான் முதலில் கேட்டார். பிறகு டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அவரே இல்லை என்றார். தூரிகைத் தடம் இருந்தது. தண்ணீர் ஹோஸின் கிளிப்பிலும், போல்ட்டின் தலையிலும், எண் தகட்டின் ஓரத்திலும் சாயம் ஏறியிருந்தது. ஓர் இடத்தில் எண்ணெயைத் துடைக்காமலே அடித்ததில் கொப்புளம் கட்டியிருந்தது. இது காடிக்குள்ளேயே எஞ்சினை வைத்துக்கொண்டு யாரோ கையால் அடித்த சாயம்.

ஆயாவைக் கேட்டோம். காடியைப் பற்றிக் கேட்டதே அவருக்குச் சிரிப்பு.

"அது ஸ்டோர்ல அடிச்சது. ஸ்மோக்கவுஸ் கூரைத் தகரத்துக்கு வந்த சாயம். மிச்சம் இருந்துச்சு. ஃபிட்டரு அடிச்சிக் குடுத்தாரு. காசு வாங்கல. ஒங்க தாத்தா அவரு பிள்ளைக்குக் காய்ச்சல் பார்த்தாரு, அதுக்குத்தான்."

"அவர் பேரு என்னா ஆயா?"

"ஃபிட்டருன்னுதான் கூப்பிடுவோம்."

மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. கண்காட்சிக்குக் கொண்டுபோனால் கூரைச் சாயம் அடித்த எஞ்சினைப் பார்த்து நடுவர்கள் சிரிப்பார்கள் என்றார். முழுக்கச் சுரண்டிவிட்டுப் பச்சை அடிப்பது, அதாவது 1959க்குத் திரும்புவது ஒரு வழி. தங்கத்தை அடிப்பது, 1966க்குத் திரும்புவது, இன்னொரு வழி. இந்த பிளாக் பச்சையாக இருந்ததற்கு எந்தத் தடயமும் மிஞ்சவில்லை. ஆகவே பச்சை காடிக்குப் பொருந்தினாலும் எஞ்சினுக்குப் பொய். தங்கம் எஞ்சினுக்கு உண்மை, ஆனால் சான்றிதழோடு ஒட்டாது.

இங்கே ஒரு பெயர்ப் பொருத்தத்தைச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் இரண்டு வில்லியம் மோரிஸ்கள் இருந்தார்கள். ஒருவர் கவிஞர், துணிகளுக்கும் சுவர்த்தாள்களுக்கும் பூ வேலை வரைந்தவர், சோசலிஸ்ட். 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் புதுப்பிக்கிறோம் என்ற பெயரில் தேவாலயச் சுவர்களின் காரையைச் சுரண்டி, இடையில் வந்த நூற்றாண்டுகளின் வேலையை எல்லாம் தூக்கிப்போட்டு, ஒரு கற்பனையான ஆதிநிலைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். அதை எதிர்த்ததால் அவருடைய சங்கத்துக்குச் 'சுரண்டல் எதிர்ப்பு' என்றே பட்டப்பெயர். அதே 1877இல் பிறந்த இன்னொரு வில்லியம் மோரிஸ், சைக்கிள் கடையில் தொடங்கி, மோரிஸ் காடிகளைச் செய்து, நஃபீல்ட் பிரபு ஆனவர். இருவருக்கும் உறவில்லை. ஒரு மோரிஸின் காடியைச் சுரண்டலாமா என்று கேட்டால் இன்னொரு மோரிஸ் கூடாது என்பார்.

காடிக்காரர்களும் அந்தக் கவிஞரின் பக்கம் மெல்ல வந்திருக்கிறார்கள். பழங்கால வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012இல் டூரின் சாசனம் என்ற ஒன்றை ஏற்றது. கட்டடங்களுக்கான 1964 வெனிஸ் சாசனத்தைப் பார்த்து எழுதியது. ஒரு வண்டி அன்றாடம் ஓடிய காலத்தில் அதில் நேர்ந்த மாற்றங்கள் அதன் வரலாற்றுக்குச் சாட்சி, செய்த நாளின் தோற்றத்துக்கே அதைத் திருப்பியாக வேண்டும் என்பதில்லை என்பது அதன் சாரம். இதை மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். "அது ராஜா காடி, ரேஸ் காடிக்கு எழுதுனது. கூரைச் சாயத்துக்கா எழுதுனாங்க?" என்றார்.

ஏன் எழுதியிருக்கக் கூடாது என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்த ஃபிட்டர் கிடைத்ததை அடித்தார் என்பது உண்மை. ஆனால் அவர் அடித்தது மட்டமான சாயம் இல்லை. சிலுவர் சாயத்தில் இருப்பது அலுமினியத் துகள். காயும்போது அந்தத் தட்டையான துகள்கள் மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஈரத்தை உள்ளே விடாது. சூட்டையும் தாங்கும். ஸ்மோக்கவுஸ் கூரையில் ஒரு பக்கம் மழையும் மறுபக்கம் புகைச்சூடும் என்ன செய்யும் என்று தெரிந்த ஆள் அவர். தங்கச் சாயத்தில் பெரும்பாலும் இருப்பது செம்பும் துத்தநாகமும் கலந்த பொடி, காற்றில் கிடந்தால் கறுத்துப்போகும். எங்கள் எஞ்சினில் தங்கம் இன்னும் தங்கமாக இருந்தது சிலுவருக்கு அடியில் மட்டும்தான். சிலுவர் உதிர்ந்த இடத்திலெல்லாம் அது பழுப்பாகி, துருவோடு துருவாகிவிட்டிருந்தது. லண்டனில் யாரும் சொல்லாமல், ஒரு தோட்டத்து ஃபிட்டர் ஐம்பது வருடத்துக்குக் கம்பெனியின் சாயத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்.

அவருக்கு வேறு எந்த ஆவணமும் இல்லை. மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தை 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் நாற்பது ஏக்கரில் போட்டவர் டான் சே யான் என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. சைம் டார்பி கம்பெனி 1910இல் மலாக்காவில்தான் தொடங்கியது, அதை யார் யார் சேர்ந்து தொடங்கினார்கள் என்றும் தெரியும். 1959இல் இங்கிலாந்தில் பூட்டிய ஒரு சின்னக் காடியின் எண்ணைக்கூடக் கெய்டனில் கேட்டால் எடுத்துத் தருகிறார்கள். அந்தக் காடியின் சக்கரத்துக்கு ரப்பர் கொடுத்த மண்ணில், பெரட்டு நேரத்தில் தினமும் பெயர் கூப்பிட்டுக் குறித்த செக்ரோல் எங்கே? நாங்கள் தேடிய தோட்டத்தின் செக்ரோல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆபீஸ் இருந்த மேட்டில் இப்போது வீடமைப்புத் திட்டம். ஸ்டோர் இருந்த இடம் செம்பனைக்குள் போய்விட்டது. ஃபிட்டர் செய்த வேலைகளில், எனக்குத் தெரிந்து, மிஞ்சியிருப்பது இந்த எஞ்சின் மேல் இருக்கும் தூரிகைத் தடம்தான். அதைச் சுரண்டினால் வழக்கமாகச் சுரண்டிக் கழுவும் இடத்தில், சாக்கடையில், அவரும் போவார்.

கடைசியில் மாமா சொன்னதும் நடந்தது, நான் கேட்டதும் நடந்தது. துருப்பிடித்த பக்கத்தை அப்படியே விட்டால் பிளாக்குக்கே ஆபத்து என்று போமென் அண்ணன் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். எக்ஸாஸ்ட் பக்கத்தைச் சுத்தம் செய்து தங்கம் அடித்தோம். காசு அகல வட்டத்தில் தெரிந்த பழைய தங்கத்தை மதிய வெளிச்சத்தில் வாசலில் வைத்துப் பார்த்துப் பார்த்து, மலாக்கா டவுன் சாயக் கடையில் நான்கு தடவை கலக்க வைத்த தங்கம். டைனமோ பட்டைக்கு அதன் நகக்கண் பச்சையைப் பார்த்துக் கலந்த பச்சை. உட்புறத்து அசல் துண்டைத் தொடவில்லை. எஞ்சினின் மறுபக்கத்தில் சிலுவர் அப்படியே இருக்கிறது. எண்ணெயைத் துடைத்ததோடு சரி, கொப்புளம்கூட இருக்கிறது. மூன்று வளையம் தெரியும் அந்த வட்டங்களையும் மூடவில்லை. கண்காட்சியில் மாமாவுக்குப் பரிசு கிடைக்கவில்லை. வந்தவர்களில் பாதிப்பேர் பானெட்டைத் திறந்ததும் வட்டத்தைக் காட்டி "இது என்னா சார்?" என்று கேட்டார்கள். மாமா வகுப்பறைக் குரலில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். 1966, கோல்ட் சீல், ஸ்மோக்கவுஸ், ஃபிட்டர்.

பழைய காடி, தையல் மிஷின், சைக்கிள், ரேடியோ என்று எதையாவது புதுப்பிக்க நினைக்கும் இளம் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். சுரண்டும் முன்பு ஒரு காசு அகலத்துக்கு மட்டும் தேய்த்துப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதம் வைத்துப் படம் எடுங்கள். எந்த அடுக்கு எந்த வருடம், யார் அடித்தது என்று ஓர் அட்டையில் எழுதி அந்தப் பொருளுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். எங்கள் காடியின் அட்டை கிளவ் பாக்ஸில் கெரானோடு இருக்கிறது. அதில் மூன்றாவது வரி இப்படி: "சிலுவர், 1970களில், தோட்டத்து ஸ்டோரில், கையால். அடித்தவர்: ஃபிட்டர்." அதற்குப் பக்கத்தில் பெயர் எழுத இடம் விட்டிருக்கிறோம். அந்தக் காலத்தில் ஜாசின் பக்கத்துத் தோட்டத்து ஸ்டோரில் ஃபிட்டராக இருந்த தாத்தாவோ பெரியப்பாவோ உங்கள் வீட்டில் இருந்திருந்தால், ஒரு டிரஸ்ஸரின் மைனருக்குச் சாயம் அடித்த கதையை அவர் எப்போதாவது சொன்னாரா என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப்பாருங்கள்.